அமரர் போடாத பெட்டி

தயாபரன் அண்ணை கனடாவில் இருந்து வந்தால் எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு நன்மையும் வரும், வில்லங்கமும் வரும். இந்த முறை இரண்டும் ஒன்றாகவே வந்தன. கண்காட்சிக்குக் கண்ணாடி மேசைகள் செய்து தந்தவர் அவர்தான். அந்த மேசைகளுக்கு விபரச் சீட்டு அடித்துக்கொண்டுவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முதல் நாள் பின்னேரமே எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டுப் போனவரும் அவர்தான்.

காலையில் கதவைத் திறந்தேன். கடைசி மேசையில், தங்க எழுத்தில், 'அமரர் கணநாதன் சேகரிப்பு' என்றிருந்தது.

கணநாதன் அமரர் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. மடத்துவெளியில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தவர். புங்குடுதீவில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் பாடும். ஊரோடு இடம்பெயர்ந்த வருடம், விட்டுவந்த அம்பிளிபயரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளில் திரும்பிப் போனார். அவ்வளவுதான். கண்டவரும் இல்லை, கேள்விப்பட்டவரும் இல்லை. அவருடைய மனைவி சிவயோகம் அக்கா ஏறாத இராணுவ முகாம் இல்லை, கொடுக்காத முறைப்பாடு இல்லை. இன்றைக்கும் குங்குமப் பொட்டு வைக்காமல் படலை தாண்டமாட்டார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன உத்தியோகத்தரை அவர் பேசிய பேச்சு ஊருக்கே தெரியும்.

போன மாரிக்கு வீட்டுக் கூரை ஒழுகியபோது, அக்கா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே பில் புத்தகங்கள், விலாச அட்டைகள், கணநாதனின் படம் ஒன்று, ஒரு இறப்பர் முத்திரை, எந்தப் பூசைக்கு எந்தப் பாட்டுப் போடுவது என்று எழுதிய துண்டுகள், ஒரு கட்டுத் திருவிழா நோட்டீஸ். ஒவ்வொரு நோட்டீஸின் அடியிலும் எறும்பு எழுத்தில் 'ஒலி, ஒளி: கணநாதன் சவுண்ட் சேர்விஸ், மடத்துவெளி' என்று இருந்தது.

"சாமியின்ர பேர் இருக்கிற கடதாசியில தன்ர பேரும் வரவேணுமாம்," என்று அக்கா சிரித்தார். "அதுக்காக வாடகையைக் குறைச்சுக் குடுத்திட்டு வந்து நிப்பார்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மனோகரி, ஒரு வாக்குத் தாரும். இவரைச் செத்த ஆக்களோட சேர்த்து எழுதப்படாது."

"எழுதமாட்டன் அக்கா. நிச்சயமாய்த் தெரியாமல் அப்பிடி ஒரு சொல்லுப் போடமாட்டன்."

"நீர் சொன்னால் காணும்."

அந்த வாக்கின் மேல்தான் இப்போது தங்க எழுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. இன்றைய திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கப்போகிறவரும் அக்காதான். நான் தயாபரன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் வந்து சேரும்வரை உட்காரவும் முடியவில்லை, ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

"அண்ணை, ஆரைக் கேட்டு அமரர் போட்டனீங்கள்?"

"மரியாதைக்குத்தானே பிள்ளை," என்றார் அவர், மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே. "போனமுறை வைத்திலிங்கத்தாருக்குப் போடேல்லை எண்டு அவற்ற மகள் லண்டனில இருந்து போன் எடுத்து என்னைக் கிழிச்சவள். மறந்துபோனீரோ?"

மறக்கவில்லை. எங்களிடம் கடதாசி வருவதே ஆள் போன பிறகுதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்து வீட்டைப் பூட்டும்போது, எரிக்க மனம் வராததை இங்கே கொண்டுவந்து தருவார்கள். எங்கள் அலுமாரியில் அமரர் போடாத பெட்டி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் தயாபரன் அண்ணை, நான் விட்ட பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்!

"நான் ஊர் இடம்பெயர முதல், எண்பத்திமூண்டில போனனான். இந்தக் கதையெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"தெரியாட்டில் கேக்கிறதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையோ?"

வயதில் மூத்தவரை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அந்த நேரம் எனக்கு வயதும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை. சீட்டைச் சவரப் பிளேட்டால் சுரண்டினேன். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். மூலை மட்டும் கொஞ்சம் கிளம்பியது. எழுத்து முன்னையதைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"கனடாப் பசை," என்றார் அண்ணை. அதில் பெருமை வேறு.

தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது. அக்கா வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். அது நிற்காமல் குறிகட்டுவான் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தால், தயாபரன் அண்ணை பிரதம விருந்தினருக்கு வாங்கிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு மேலே குனிந்து நிற்கிறார்.

"இதை மேல போட்டால் சீட்டு மறைஞ்சிடும்."

"அண்ணை! கண்ணாடிக்குக் கீழ அவற்ற படம் இருக்கு. படத்துக்கு மாலை போடப்போறீங்களோ? எழுதினது காணாதோ?"

அவர் மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் பின் அறைக்கு ஓடினேன். சீட்டை உரிக்க முடியாவிட்டால் அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவதுதான் வழி. நல்ல மட்டையில் 'கணநாதன் சேகரிப்பு' என்று எழுதினேன். அவசரத்தில் 'நா' கோணிப்போனது. கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். மை காயவும் பொறுக்காமல் வெளியே வந்தேன்.

சிவயோகம் அக்கா மேசைக்கு முன்னால் நின்றார்.

கோயிலுக்குக் கட்டும் சேலை. நெற்றியில் பெரிய பொட்டு. சீட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தயாபரன் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய மாலையைப் பார்த்தார். இதோ கத்தப்போகிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கத்தவில்லை.

"எப்ப தெரிய வந்தது?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"என்னக்கா?"

"எனக்கு ஒளிக்காதையும் மனோகரி. நீர் வாக்குத் தந்த பிள்ளை. நிச்சயமாய்த் தெரியாமல் இந்தச் சொல்லைப் போடமாட்டீர்." என் கையைப் பிடித்தார். "ஆர் சொன்னது? அவரை எங்க கண்டெடுத்தவையாம்?"

அந்த முகத்தில் அழுகை இல்லை. தபால்காரன் படலையில் நிற்கும்போது ஓடிவருகிற முகம். இத்தனை வருடமும் எந்த அலுவலகமும் தராத பதிலை நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நம்பி நின்றார். பொய் ஒன்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. ஒண்டும் தெரிய வரேல்லை. சீட்டுப் பிழையாய் அடிபட்டுப்போச்சு."

"பிழையோ?"

"ஓம் அக்கா. வெறும் பிழை."

"மரியாதைக்கு எண்டுதான்..." என்று தயாபரன் அண்ணை தொடங்கினார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா பக்கத்துக் கதிரையைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தார். என் கையில் இருந்த மட்டையை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பசை கொண்டாரும்."

கொண்டுவந்தேன். அவரே எழுந்து பூசினார். அவரே அந்தத் தங்க எழுத்தின் மேல் மட்டையை வைத்து, நான்கு மூலையையும் அழுத்தினார். ஈர மை அவருடைய விரலில் ஒட்டியது.

"இனி வடிவாய் இருக்கும்," என்றார். கையை மட்டும் மட்டையில் இருந்து எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம், தேடுறது முடிஞ்சுது எண்டு நினைச்சுப்போட்டன் பிள்ளை."