ஆட்டிய தலை

"உன் தலையை எவன்டி ஆட்டச் சொன்னான்?"

கட்டுப்போட்ட வலது கை தலையணைமேல் கிடக்க, இடது கையை நீட்டிக் கத்தினாள் ஸ்பீக்கர். சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். உலர்த்தும் எந்திரங்கள் அத்தனையும் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் அவற்றின் தலைக்குமேல் கேட்கும். பார்க்க வந்தவளோ பழப்பையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் பேசிக்கிட்டே கையை உள்ள விட்டுட்டேனாம். என் கவனக்குறைவாம். கூட நின்னவளே ஒத்துக்கிட்டாளாம். மேனேஜர் போன்ல சொல்றாரு, எனக்கு வந்த எரிச்சல்ல கைவலியே மறந்துபோச்சு. ஏண்டி, வாயை என்ன தைச்சா வச்சிருக்கு?"

"அக்கா, நான்..."

"நான் நீன்னு இழுக்காத. சூப்பர்வைசர் அந்தக் கம்பியைக் கட்டினதைப் பாத்தியா, இல்லையா?"

அவள் தலை மேலும் கீழும் ஆடியது.

"பாரு, இதுக்கும் தலைதான் ஆடுது! பழத்தை நீயே தின்னு. போடி!"

பழம் கொண்டுவந்தவளைக் கூடத்தில் தலையாட்டி என்று கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டிய பெயர்தான். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். உடம்பில் வலுவில்லாதவள் அல்ல. மூட்டை தூக்கியே பிள்ளை வளர்த்த வீட்டில் பிறந்தவள். நனைந்த போர்வை மூட்டையை ஒற்றை ஆளாக அலாக்காகத் தூக்கி வண்டியில் எறிவாள். ஆனால் துணிக்கடையில் "வேற கலர் இருக்கா?" என்று கேட்க வேண்டுமென்றால், கேட்காமல் கொடுத்ததையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் மற்றவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வருவாள். போன் அடித்தால் அது நிற்கும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

யாராவது ஏதாவது கேட்டால் நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், காதுக்குள் நீராவி சீறுவதுபோல இருக்கும். அதிலிருந்து தப்பிக்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே வழி 'ஆமாம்' என்று தலையாட்டுவது. ஆமாம் என்றால் கேட்டவன் போய்விடுவான். இல்லை என்றால்தான் ஏன், எதற்கு என்று நிற்பான்.

இஸ்திரி உருளையில் வேலை கேட்டு வாங்கியதும் அதனால்தான். ஆள் உயர உருளை. கொதிக்கும். முன்னால் இரண்டு பெண்கள் நின்று, விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அந்த இரைச்சலில் பேசவும் முடியாது, பேசச் சொல்லவும் மாட்டார்கள். ஸ்பீக்கர் மட்டும் பேசுவாள். இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கண்ஜாடையிலேயே இருவருக்கும் கை ஒத்துப்போகும்.

உருளைக்கு முன்னால், கை வைக்கும் மட்டத்தில், ஒரு சிவப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை அந்த நொடியே நிற்கும். ஆனால் தடித்த விரிப்பு பட்டாலும் நிற்கும். நின்றால் திரும்ப ஓட்ட நேரமாகும், அன்றைய துணிக் கணக்கு குறையும், சூப்பர்வைசருக்கு மேலிருந்து வசவு விழும். அதனால் அவன் ஒருநாள் கிழிந்த விரிப்பில் ஒரு துண்டைக் கிழித்து, கம்பியை அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டான். பின்னால் நின்று மடிக்கிறவர்களுக்கு அது தெரியாது. முன்னால் நின்ற இருவருக்குத்தான் தெரியும். "என்ன சார் இது?" என்று ஸ்பீக்கர் கேட்டதற்கு, "வேலையைப் பாரும்மா" என்றான்.

பிறகு ஒருநாள் விரிப்பின் மடிப்பில் ஸ்பீக்கரின் விரல்கள் சிக்கின. கம்பி அசையவில்லை. தலையாட்டிதான் சுவருக்கு ஓடி ஸ்விட்சை அடித்தாள். அதற்குள் கை வெந்துவிட்டது.

மேனேஜர் இறங்கி வந்தபோது கம்பியில் துணி இல்லை. சூப்பர்வைசரின் கால்சட்டைப் பை புடைத்திருந்தது. கூடமே சுற்றி நின்று தலையாட்டியைப் பார்த்தது. "பேச்சு சுவாரசியத்துல கையை விட்டுட்டா சார். நீதானே பக்கத்துல நின்ன? அப்படித்தானே?" என்றான் அவன். காதுக்குள் நீராவி சீறியது. அத்தனை கண்களும் அவளை விட்டு விலக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. தலை ஆடியது. கண்கள் விலகின.

இப்போது அந்த ஆட்டிய தலையை வைத்து ஸ்பீக்கரை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். ஸ்பீக்கர் விடவில்லை. அடம்பிடித்து மறுவிசாரணை கேட்டிருந்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். வெந்த கையோடு இன்னொரு சலவைக்கூடத்தில் அவளை எவன் சேர்ப்பான்? ஸ்பீக்கர் பேச்சை நம்பமாட்டார்கள், அது அவள் வேலை சம்பந்தப்பட்டது. பார்த்த இன்னொருத்தி தலையாட்டிதான்.

"போய் தைரியமா சொல்லிடு" என்றான் புருஷன், காலணியைக் கழற்றிக்கொண்டே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைரியமாம்! பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் அவளுக்குச் சொல்வது அதைத்தான். அது என்ன, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதா, வெளியே போகும்போது மாட்டிக்கொண்டு போக? இருக்கிறவனுக்குச் சொல்லத் தேவையில்லை. இல்லாதவளுக்குச் சொல்லிப் பயனில்லை. பாத்திரத்தைத் தொட்டிக்குள் போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் போன் கடையில் விற்பனைக்கு நிற்பவள். நாள் முழுக்க ஆட்களிடம் பேசுவதுதான் பிழைப்பு.

"அண்ணி, அண்ணன் மேல இருக்கிற கோவத்தைப் பாத்திரத்துல காட்டாதீங்க. பாத்திரம் பாவம்."

"உனக்கென்ன, நீ வாயாலயே வாழறவ. பயம்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாமலா? கடையில சேந்த புதுசுல கஸ்டமர் கண்ணாடிக் கதவைத் தள்ளினாலே எனக்கு வயித்தைக் கலக்கும். பாதி நாள் பாத்ரூம்லதான் ட்யூட்டி."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"எங்க போச்சு? இப்பவும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும், நான் பாட்டுக்குப் பேசுவேன். அது போனதுக்கப்புறம் பேசலாம்னு இருந்தா, கிழவியாகி வாயில பல்லு இருக்காது." சமையல் மேடையில் இருந்த தக்காளிப் பையைப் பிரித்து முகர்ந்தாள். "இது இன்னைக்கு வாங்கினதா? அழுகல். கொண்டுபோய் மாத்திட்டு வாங்க."

"பரவாயில்ல, நறுக்கிப் போட்டுக்கலாம்."

"அதிகாரி வர்றப்ப அவர்கிட்ட பேசணும்னா, இன்னைக்குத் தக்காளிக்காரன்கிட்ட பேசணும். எடுத்த எடுப்புலயே மலை ஏறுவீங்களா? கிளம்புங்க."

தக்காளிக்காரன் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். "வாங்கறப்ப கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். நெஞ்சு அடித்தது. தலை ஆடப் பார்த்தது. தாடையை இறுக்கி அதைப் பிடித்துக்கொண்டாள். "அழுகியிருக்கு. மாத்திக் குடுங்க" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக்கொடுத்தான். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நாத்தனார் விடவில்லை. பஸ்ஸில் "இங்க நிறுத்துங்க" என்று சத்தமாகச் சொல்ல வைத்தாள். மருந்துக்கடையில் வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். ஒருநாள் இவள் சொதப்பினாள். மருந்துக்கடையில் கேள்வி மறந்துபோய், தேவையே இல்லாத இருமல் மருந்தோடு திரும்பி வந்தாள். "சரி, இருமிக்கிட்டே குடிங்க. நாளைக்கு இன்னொரு கடை" என்றாள் நாத்தனார்.

சாயங்காலமானால் துண்டைக் கழுத்தில் டை மாதிரி முடிந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதிகாரியாகிவிடுவாள். "ம்ம், சொல்லும்மா. எனக்கு நிறைய வேலையிருக்கு."

"சார்... வந்து... அன்னைக்கு..."

"வந்துங்கிறதை விடுங்க. முதல் வரி மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். அது வந்துட்டா மத்தது பின்னாலயே வந்துடும்."

'கம்பியைச் சூப்பர்வைசர் கட்டினதை நான் பாத்தேன்.' பாத்திரம் தேய்க்கும்போதும், நடக்கும்போதும், உருளையின் இரைச்சலுக்குள் வாய்விட்டும் அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியும் தன் பங்குக்கு ஏதோ செய்தது. விபத்துக்குப் பிறகு எல்லோருக்கும் மனசு சரியில்லை என்று தொழிலாளர் நல அதிகாரி அம்மா சாப்பாட்டு அறையில் ஒரு கூட்டம் போட்டார். கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார். பக்கத்தில் ஒருத்தி குறட்டை விட்டாள். தலையாட்டிக்கு ஆத்திரமாக இருந்தது. கையை வேகவைத்துவிட்டுக் கடற்கரையாம்! ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். படபடப்பு வந்தால் மூச்சை இழுத்து இழுத்து விடாதீர்கள், வெளியே விடுவதை நீட்டுங்கள், சூடான தேநீரை ஊதுகிற மாதிரி, என்றார். செய்து பார்த்தாள். காதுக்குள் சீறுவது கொஞ்சம் தணிந்தது. நல்லது யார் சொன்னால் என்ன?

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் சூப்பர்வைசர் உருளைக்கு வந்தான். ஸ்பீக்கர் நின்ற இடத்தில் புதிதாக ஒருத்தியை நிறுத்தியிருந்தார்கள், கல்யாணமாகி வந்து வேலைக்குச் சேர்ந்தவள், உள்ளங்கையில் இன்னும் காய்ப்புக்கூட வரவில்லை. காலையிலிருந்து உருளை அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. அவன் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்தான். கம்பியை வளைத்து, இறுக்கி, முடிச்சுப் போட்டான். இவளிடமிருந்து மறைத்துக்கூடச் செய்யவில்லை.

"நாளைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. அன்னைக்கு மாதிரியே இருந்துடு. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குத் தலைவலியே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனான்.

நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் அது பயம் இல்லை. அவனைப் பிடித்து அந்த உருளைமேலேயே சாத்த வேண்டும் போல இருந்தது. இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. புதியவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, முடிச்சை அவிழ்க்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவிழ்த்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது, நாளைக்குத் தானும் பொய்க்காரியாகிவிடுவாள். "கையை முனையிலயே வச்சுக்கோ. உள்ள நான் தள்ளிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் விசாரணை வரை விரிப்புகளில் முக்கால்வாசியை அவளே இழுத்துத் தள்ளினாள்.

விசாரணை அறைக்கு ஆள் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டாள். அதுவும் நாத்தனார் சொன்னதுதான். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைவதைவிட, நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அவர்கள் நுழைவது மேல். அதற்கு முன்னாலேயே ஒருமுறை கழுவு தொட்டியில் வாந்தி எடுத்திருந்தாள். ஈரத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள், சில்லென்று இருந்தது. பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றினாள். ஸ்பீக்கர் வந்தாள், இவள் பக்கம் திரும்பாமல் போய் எதிரில் உட்கார்ந்தாள். மேனேஜர், சூப்பர்வைசர், நல அதிகாரி, கடைசியாகப் பெரிய அதிகாரி.

"அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்க. இப்பவும் அதேதானே?" என்றார் அதிகாரி.

அவள் கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கினாள். சூப்பர்வைசர் கனிவாகச் சிரித்தான். "பயந்த சுபாவம் சார். கேட்டா நடுங்கும். விட்டுடலாம் சார், பாவம்."

மூச்சை ஊதி நீளமாக விட்டாள். எல்லோரையும் பார்க்காமல் நல அதிகாரியின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"கம்பியைச் சூப்பர்வைசர் கட்டினதை நான் பாத்தேன்."

குரல் தேய்ந்து, உடைந்துதான் வந்தது. பரவாயில்லை, வந்துவிட்டது.

"அப்ப ஏன் அன்னைக்குத் தலையாட்டினீங்க?"

"பயத்துல. எல்லாரும் பாத்தாங்க, பேச்சு முடிஞ்சாப் போதும்னு ஆட்டிட்டேன். அது என் தப்பு. கை வெந்தது இந்தக்கா தப்பில்ல."

"பாத்தீங்களா சார், நடுக்கத்துல என்ன பேசறோம்னே தெரியல..." என்றான் சூப்பர்வைசர்.

"ஆமா, நடுங்குது! நடுங்கட்டும்! நடுங்கிக்கிட்டே சொல்றேன், கேளுங்க!" அவளே எதிர்பார்க்காத சத்தம். "நேத்து மத்தியானம் திரும்பக் கட்டியிருக்காரு. இப்ப அந்தப் புதுப் பொண்ணு அங்கதான் நிக்குது. கீழ வந்து உங்க கண்ணால பாருங்க."

சூப்பர்வைசர் எழுந்தான். "நான் போய் என்னன்னு பாத்துட்டு வந்துடறேன் சார்."

அவனுக்கு முன்னால் அவள் கதவுக்குப் போய்விட்டாள். போர்வை மூட்டை தூக்கும் தோள், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றது. "நீங்க இங்க இருங்க. சார் முதல்ல போகட்டும்."

"வழியை விடு!"

"விடமாட்டேன்."

அதிகாரி எழுந்து, அவளைத் தாண்டி, படியிறங்கினார்.

உருளையை நிறுத்திவிட்டார்கள். முடிச்சை அதிகாரி தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார். சூப்பர்வைசரைத் தனியே அழைத்துப் போனார்கள். ஸ்பீக்கரை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. கூடத்தில் வேலை நின்றுபோனதில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் தலையாட்டியைப் புது ஆள் மாதிரிப் பார்த்தார்கள். அத்தனை கண்களும் மறுபடி அவள்மேல். துணிக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கர் எதிரே வந்து நின்றாள். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? இத்தனை நாள் நான் தூங்கலடி!"

"நான் மட்டும் தூங்கினேனா? இப்ப உள்ள போய்ப் பேசிட்டு வந்தேன்ல? அது உனக்குச் சும்மா வாயசைக்கிற மாதிரி. எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. வாந்தியெடுத்துட்டுப் போய்ப் பேசினேன், தெரியுமா? பழத்தை மூஞ்சியிலயே திருப்பிக் குடுத்தியே, உனக்கு என்ன தெரியும்?"

கூடமே கேட்டது. ஸ்பீக்கரிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

"ஏண்டி, இவ்வளவு சத்தத்தை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று சிரித்துவிட்டாள் ஸ்பீக்கர்.

"சிரிக்காத. எனக்குக் கோவம் வருது."

"எனக்கும்தான். என் கோவம் இன்னும் போகல, சொல்லிட்டேன்."

"போகவேணாம். வச்சுக்கோ."

"வச்சுக்கறேன்" என்றாள் ஸ்பீக்கர். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் அவள் தோளைத் தள்ளினாள். "நகரு, கால் கடுக்குது. பழத்துல ஏதாவது மிச்சம் வச்சியா, எல்லாத்தையும் தின்னுட்டியா?"

"தின்னுட்டேன். நீதானே தின்னுன்னு சொன்ன?"