கசக்க ஒரு ஆள்

கசங்கிய எதையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இருபத்திரண்டு வருடமாகத் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலர் மடங்கியிருந்தால், அவர் இறங்கும்வரை எனக்கு வேறு நினைப்பே ஓடாது. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், எனக்கு வைத்திருக்கும் பெயர் மடிப்பு மாமா. அதையும் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவான்.

இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி, முன்னறைச் சுவர் முழுக்கக் கசங்கிய தாளை ஒட்டப் போவதாகச் சொன்னாள்.

அவள் ஒரு பரிசுப் பொருள் கடையில் பொட்டலம் கட்டுகிறாள். கண்ணாடிச் சாமான்களைச் சுற்றும் மெல்லிய டிஷ்யூ தாள் பத்து வருடமாக அவள் கையில்தான் புரள்கிறது. அந்தக் கடையில் ஓர் அலமாரிக்குப் பக்கத்தில் சுவர் பொரிந்து அசிங்கமாகக் கிடந்ததாம். சும்மா இருக்க மாட்டாளே, மிச்சத் தாளைப் பசை போட்டு அதன்மேல் ஒட்டினாள். காய்ந்ததும் பெயிண்ட் அடித்தாள். அதற்கும் மேலே கொஞ்சம் கருத்த நிறம் ஒன்றைப் பூசி, ஈரம் போவதற்குள் துணியால் துடைத்தெடுத்தாள். சுருக்கங்களின் பள்ளத்தில் மட்டும் அந்த நிறம் தங்கிவிட்டது. பரிசு வாங்க வந்த ஒரு பல் டாக்டரம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார்.

அவர் புதிதாக கிளினிக் திறக்கப் போகிறார். வந்தவர்கள் காத்திருக்கும் அறைக்கு இப்படிச் சுவர் வேண்டுமாம். ஆனால் முழம் அகலத்தைப் பார்த்து முழு அறையை ஒப்படைக்க முடியுமா? உங்கள் வீட்டில் ஒரு சுவரை முழுசாகச் செய்து காட்டுங்கள், திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து பார்க்கிறேன், பிடித்தால் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை பெயிண்டரை வரச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் கொடுக்கும் பரிசையே கட்டிக்கட்டிக் கொடுத்தவளுக்கு, தன் பெயரில் வரப் போகும் முதல் வேலை. இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் கடையிலும் டிஷ்யூ தாள் உண்டு. பட்டுத் துணி, கோட்டு இவற்றை மடிக்கும்போது மடிப்புக்கு நடுவே வைப்பது. ஒரு தாள் வீணாகப் போனாலும் எனக்கு மனசு ஆறாது. அதில் பாதியைத் தரச் சொல்லி அவள் கேட்டாள். மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு கூடுதலாக வரும்.

“சுருக்கம் விழாம இருக்கத்தாம்மா அந்தத் தாளே. அதை எடுத்துக் கசக்கவா? தேய்க்காத நாலு சட்டையச் சுவத்துல ஒட்டிடு. டாக்டரம்மா அசந்துடுவாங்க.”

மச்சான் நாற்காலியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தான். அவளும் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் சுவரை அளந்து, அதற்குச் சரியாக நாற்பது தாளை அவளே வாங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் கடைக்கு விடுமுறை. ஏணி வாங்கிவர அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். முன்னறையில் என் துணிக்கூடை நிறையத் தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு தாளாவது உருப்படியாக இல்லை. எல்லாம் கசங்கல், ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி பிய்யல். கடைக்காரன் இவள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான் என்று நினைத்தேன். சுருக்கத்தைச் சுவரில் ஒட்டும்போது போடுவார்கள் என்பது என் எண்ணம். சுருக்கமே போடுவதானாலும் நேரான தாளில்தானே போட வேண்டும்?

தாள் தர மாட்டேன் என்று சொன்னது வேறு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் வருவதற்குள் இதையாவது செய்து கொடுப்போம் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. சூட்டைக் கடைசி அளவுக்குக் குறைத்து, மேலே மெல்லிய துணி விரித்து, ஒவ்வொரு தாளாகத் தேய்த்தேன். பிய்ந்த ஓரங்களை ஸ்கேல் வைத்து நேராகக் கத்தரித்தேன். பத்துப் பத்தாக அடுக்கி, பட்டுப் புடவைக்குக் கட்டுகிற ரிப்பனால் கட்டி மேஜைமேல் வைத்தேன். வைத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிறவனைப் போல வாசலில் போய் நின்றேன்.

ஏணியின் ஒரு முனையை மச்சானும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தாள் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அவள் ஒரு கட்டைப் பிரித்தாள், இன்னொன்றைப் பிரித்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் வாய் திறக்கும் மச்சான் அன்றைக்கு ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேணும்னேதான் செஞ்சீங்களா?” என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதிலுக்குக்கூட நிற்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மச்சான்தான் விளக்கினான். தாளை முதலிலேயே கசக்கி விரித்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டுமாம். ஓரத்தைக் கையால் பிய்த்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒட்டு தெரியாமல் போகுமாம். நேராக வெட்டினால் சுவரில் கோடு கோடாகத் தெரியுமாம். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அக்கா உட்கார்ந்து அதைத்தான் செய்தாளாம்.

“திரும்பக் கசக்கினா ஆச்சு” என்றேன்.

“கசக்கலாம் மாமா. நீங்க நாலு பக்கமும் ரெண்டு விரக்கடை வெட்டிட்டீங்களே. இன்னும் கொஞ்சம் பிய்ச்சா, கால்வாசிச் சுவத்துக்குத் தாள் கொறையும். இன்னைக்குக் கடை கிடையாது. நாளைக்கு ஒட்டுனா காயாது.”

நான் செய்த காரியம் அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவளுடைய பத்து வருடத்தை நான் ஒரு மணி நேரத்தில் தேய்த்துத் தள்ளியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, வேண்டுமென்றே செய்திருப்பேன் என்று அவளால் நினைக்க முடிந்ததே, அது வலித்தது. நினைக்கும்படி நடந்துகொண்டதும் நான்தானே.

கடைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், அலமாரியில் இருந்த தாளை மொத்தமாக அள்ளினேன். பேங்க் மேனேஜரின் கோட்டுக்குள் மடித்து வைத்திருந்த இரண்டையும்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் மேஜை முன்னால் நின்று, நான் தேய்த்த தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்ததில் முதல் தாளை எடுத்துக் கசக்கப் பார்த்தேன். கை கேட்டால்தானே! குனிந்து பார்த்தால் தாளை நாலாக மடித்து விரலால் நீவிக்கொண்டிருக்கிறேன்.

“ஒண்ணுகூடக் கருகல” என்றாள் அவள். “கெடுக்கணும்னு நெனைக்கிறவங்க நாப்பது தாளையும் இவ்வளவு பொறுமையாத் தேய்க்க மாட்டாங்க.”

பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்திய கையையும் மீறி வந்தது. அவள் சிரிப்பதற்காகவே காத்திருந்தவன்போல மச்சானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். எனக்குப் போன உயிர் வந்தது.

கசக்குவதற்கும் பக்குவம் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பந்தாக உருட்டக் கூடாது. உள்ளங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அமுக்க வேண்டும். அவள் சுவரில் பசை பூசி, தாளை வைத்து, பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிய இடத்தில் ஒரு சுருக்கம் துருத்திக்கொண்டு நிற்க, என்னையறியாமல் கை போய் அதைத் தடவியது. பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது. அதற்கப்புறம் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டாள். அப்படியே உட்கார்ந்து மத்தியானம்வரை கசக்கினேன், பிய்த்தேன். என் தாளும் அவள் தாளும் கலந்து சுவரை மூடின. ஃபேனை ஓடவிட்டுக் காயவைத்து, சாயங்காலம் வெள்ளை அடித்தாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, மேலே தேன் நிறம் பூசித் துடைத்தாள்.

டாக்டரம்மா ஆறு மணிக்குச் சரியாக வந்தார். நான் நன்றாகத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மச்சானோடு கதவோரம் நின்றேன். அவர் சுவரை எட்ட நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் நுனியால் தடவிக்கொண்டே ஒட்டு எங்கே என்று தேடினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடியும் அவருக்கு அகப்படவில்லை. மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். என் மனைவி தலையாட்டினாள்.

“பெரிய ரூம் ஆச்சே. தனியாவா செய்வீங்க?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இல்ல டாக்டர், கசக்க ஒரு ஆள் இருக்காரு. இப்பதான் சேர்ந்திருக்காரு, நல்ல கை. சுவத்துப் பக்கம் மட்டும் விடக்கூடாது.”

இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு பெருமையாக அறிமுகப்படுத்தியதில்லை. கண் கலங்கிவிட்டது. மச்சான் பார்த்துவிடுவானோ என்று சட்டைப் பித்தானைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கோட்டை வாங்க வந்த பேங்க் மேனேஜர், கோட்டின் கையில் லேசாகச் சுருக்கம் விழுந்திருக்கிறதே, எப்போதும் நடுவில் வைக்கும் தாள் எங்கே என்று கேட்டார். என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்றேன்.