இரண்டாம் மீட்பு

"அங்கயும் வெளியிலதான் பூட்டுனாங்க. இங்கயும் வெளியிலதான் பூட்டுறாங்க. அப்புறம் எதுக்கும்மா வந்தோம்?"

இறால் கொட்டகையிலிருந்து மீட்கப்பட்டு வந்த தாயிடம் ஆறு வயது மகள் கேட்டாள். பதில் சொன்னவர் பாதுகாப்பு இல்லத்தின் அதிகாரியம்மாள். எதற்கும் அவரிடம் பதில் உண்டு.

"பாப்பா, அந்தப் பூட்டு நீங்க வெளிய போகக் கூடாதுன்னு போட்டது. இது கெட்டவங்க உள்ள வரக் கூடாதுன்னு போட்டது."

"அப்ப சாவிய எங்கம்மாகிட்ட குடுங்க. கெட்டவங்க வந்தா அம்மா திறக்க மாட்டாங்க."

அதிகாரியம்மாளுக்கு உடனே ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

ஆள்கடத்தலையும் கொத்தடிமைத் தொழிலையும் ஒழிக்க நாடு முழுவதும் ஓர் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அதற்கென்று ஒரு தலைவர், அவருக்குக் கொடி வைத்த கார், இயக்கத்துக்கு ஒரு பாட்டு, எல்லாம் இருந்தன. ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்துப்போன பெண்களை இறால் கொட்டகையிலிருந்து மீட்டு வந்ததும் அந்த இயக்கம்தான். செய்த நன்மையை மறுப்பது தர்மமல்ல. ஆனால் அந்தத் தாயின் தங்கை, ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்த இன்னொரு கொட்டகையில் இன்னும் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வந்த அன்றே தாய் இதை அதிகாரியம்மாளிடம் சொல்லி அழுதாள்.

"விழிப்புணர்வு வாரம் வருதில்ல? தலைவரே நேர்ல வந்து, டிவிக்காரங்க முன்னாடி மீட்கப்போறார். உன் தங்கச்சி குடுத்து வெச்சவ" என்றார் அதிகாரியம்மாள்.

அந்த வாரம் நெருங்கியது. இல்லத்தின் சமையல்காரக்கா செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடியே, இதக் கேளு. 'வெள்ளிக்கிழமை காலை, ஐஸ் ஃபாக்டரி பின்புறம், நேரடி மீட்பு, அனைவரும் வருக.' திருடனப் பிடிக்கப் போறவன் திருடனுக்கே அழைப்பு வெச்சிருக்கான்! தாம்பூலப் பை ஒண்ணுதான் பாக்கி."

தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளிக்கும் படிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் ஆட்களை வேறெங்காவது ஏற்றிவிடுவான். பிறகு தங்கை எந்தத் துறைமுகத்தில், எந்தக் கொட்டகையில் என்பது கடவுளுக்கு மட்டுமே வெளிச்சம்.

அவள் முகத்தைப் பார்த்து சமையல்காரக்காவின் சிரிப்பும் நின்றது. இல்லத்தில் இருப்பவர்களிடம் போன் கொடுத்தால் வேலை போய்விடும். அக்காவுக்கு அந்த அடுப்பைவிட்டால் வேறு பிழைப்பில்லை. இருந்தும் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"என் தம்பி அங்க ஐஸ் லாரி ஓட்டுறான். நீயே பேசு. தங்கச்சி அடையாளத்தச் சொல்லு. சீக்கிரம், சோறு குழையுது."

வியாழக்கிழமை காலை ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே தங்கை வெளியே வந்தாள். "உங்கக்கா அனுப்புனாங்க" என்ற ஒரே பேச்சை நம்பி ஏறியவள், லாரிக்காரத் தம்பியின் வீட்டில் இறங்கினாள். அன்று மத்தியானமே முதலாளி மற்றவர்களை வேறிடத்துக்கு ஏற்றிவிட்டான்.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார், கேமராக்கள் வந்தன. கொட்டகையில் ஈயும் நாற்றமும்தான் இருந்தன. அதிகாரியம்மாள் அசரவில்லை. வேன் அனுப்பி, இல்லத்துப் பெண்களைக் கொண்டுவந்து அதே ஈரத் தரையில் உட்கார வைத்தார். கயிறு வேறு கேட்டார்.

"எங்கள யாரும் கயித்துல கட்டலையே மேடம். முன்பணம் குடுத்துதான் கட்டிப்போட்டாங்க."

"முன்பணத்த டிவியில எப்படிம்மா காட்டுறது? கைய நீட்டு."

தலைவர் அந்தத் தாயின் கட்டை அவிழ்த்தார். வெளிச்சம் போதவில்லை என்றதும் மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"போன தடவ மாதிரியேதாங்க ஐயா இருக்கு."

மறுநாள் அதிகாரியம்மாளுக்கு ஒரு புகார் வந்தது. புகார் செய்தவன் கொட்டகை முதலாளி. உங்கள் இல்லத்திலிருந்து யாரோ தகவல் கொடுத்து என் ஆளை லாரியில் கடத்திவிட்டார்கள் என்றான். கடத்தல் என்ற சொல்லை அவன் வாயால் கேட்டும் அந்த அம்மாள் காறித் துப்பவில்லை. விசாரிக்கிறேன் என்றார். நேரத்தையும் இடத்தையும் பத்திரிகையில் போட்டது யார் என்று அவர் விசாரிக்கவில்லை. தாயை மட்டும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"போன் குடுத்தது சமையல்காரிதானே? உண்மையச் சொல்லிட்டா உனக்கு ஒண்ணும் ஆகாது. தையல் மிஷின்கூடத் தர்றேன்."

"யாரும் குடுக்கல மேடம். அவங்க சோறு வடிக்கிறப்ப நான்தான் திருடினேன். பேசிட்டு இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்."

பொய் பாவம் என்று நம்புகிறவன் நான். ஆனால் அந்த அறையில் சொல்லப்பட்ட பொய்யைக் கடவுள் எந்தப் பக்கம் சேர்த்துக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"சேத்துலருந்து தூக்கிவிட்டா திருட்டா? திருடிக்கு இங்க இடமில்ல. மிஷினும் கிடையாது. இப்பவே பொண்ணக் கூட்டிட்டுக் கெளம்பு!"

"சரிங்க மேடம்."

துணிமூட்டையும் மகளுமாக அவள் சமையற்கட்டைக் கடந்தபோது, அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, மூட்டை முடிச்சோட?"

"தங்கச்சிகிட்ட போகச் சொல்லிட்டாங்கக்கா."

"பரவால்லயே! மேடத்துக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு போல."

"ஆமாக்கா" என்றாள் அவள்.