கேட்டைக்கு முன்னாடி

எனக்கு இடுப்பெலும்பு குறுகலாம். நாலு வருஷமா இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. மூத்தவன் அருள்பாண்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்ததுக்கு அதுதான் காரணம்னு எம்புருசன் மருது சொன்னாரு, மாமியார் சொன்னாங்க, உசிலம்பட்டியில எங்க தெருவே சொல்லுச்சு. ஒரு விசேஷ வீட்டுல எவளோ ஒருத்தி, நோகாமப் பெத்தவன்னு என்னைக் காட்டிச் சிரிச்சா. வயித்தைக் கிழிச்சுத் தச்சு, மாசக்கணக்கா குனிய முடியாமக் கெடந்தவளுக்கு நோகலையாம். வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

இப்ப எட்டு மாசம். இந்தத் தடவை வலி எடுத்து நானே பெத்துப் பாக்கணும்னு ஆசை. சொல்லுறதுக்குத்தான் ஆள் இல்ல. எங்கம்மா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மருது குவைத்துல லாரி ஓட்டுறாரு. மாமியார் சீரியல் பாக்குறாங்க.

மதுரையில டாக்டர் ரூத் மட்டும் என்னைக் கேலி பண்ணல. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வரச் சொன்னாங்க. உள்ள கர்ப்பப்பையில எப்படிக் கீறினாங்க, எதுக்குக் கீறினாங்கன்னு அதுல இருக்குமாம். வெளித்தழும்பை வச்சுச் சொல்ல முடியாதாம்.

பீரோவைக் கவுத்துத் தேடியும் கிடைக்கல. ரொம்ப நேரம் கழிச்சு மாமியார், ஜாதகம் எழுத நேரம் வேணும்னு ஜோசியர்கிட்டக் குடுத்ததாச் சொன்னாங்க. நல்ல கூத்து. என் வயித்துச் சீட்டு நாலு வருஷமா ஜோசியர் வீட்டுல கெடந்திருக்கு. நானே போனேன். அவர் பழைய கட்டைப் பிரிச்சு எடுத்துக் குடுத்துட்டு, அன்னைக்கு நாலு மணிக்குக் கேட்டை நட்சத்திரம் பொறந்துச்சு, மூணு இருபதுக்கே அனுஷத்துல எடுத்துட்டாங்க, உங்க மூத்தார் தப்பிச்சாருன்னு பெருமையாச் சொன்னாரு. கேட்டையில பிள்ளை பொறந்தா அப்பனோட அண்ணனுக்கு ஆகாதாம். எனக்கு அப்பவும் உறைக்கல.

மறுநாள் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். டாக்டர் சீட்டைப் படிச்சாங்க. கீறல் கீழ்ப்பக்கமா, குறுக்க இருக்கு, நல்லதுன்னாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க.

"ஆர்த்திகா, உனக்கு எலும்பு குறுகல்னு இதுல எங்கயும் இல்லம்மா. வலி நல்லாத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கு. கூட வந்தவங்க கேட்டதால ஆபரேஷன்னு எழுதி, உன் வீட்டுக்காரர்கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்காங்க."

கையெழுத்து நானும்தான் போட்டேன். அந்த வலியில எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

வராந்தாவுக்கு வந்து மருதுக்குப் போன் போட்டேன். கேட்டைக்கு முன்னாடி எடுக்கச் சொன்னது நீங்களான்னு கேட்டேன். அம்மா அழுதாங்க, அண்ணன் உசுரு பெருசில்லையான்னாரு.

"அது இருக்கட்டும். எனக்கு எலும்பு குறுகல்னு எதுக்குச் சொன்னீங்க?"

"உனக்கு ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லணும்ல."

கட் பண்ணிட்டேன். வராந்தா முழுக்க வயித்துப்பிள்ளைக்காரிக. ஒவ்வொருத்தி பக்கத்துலயும் ஒரு அம்மாவோ புருசனோ பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நாலு வருஷமா என் உடம்பை நானே திட்டியிருக்கேன், உதவாத உடம்புன்னு. அவங்க எல்லாரும் பாக்கப் பாக்க அழுதேன்.

முகத்தைக் கழுவிட்டு உள்ள போனேன். டாக்டர் ஆசை காட்டல. பாதியில ஆபரேஷனுக்குப் போக வேண்டி வரலாம், பழைய தழும்பு பிரியுற ஆபத்தும் கொஞ்சம் உண்டு, வலி தொடங்கின உடனே இங்க வந்துடணும்னு எல்லாத்தையும் சொன்னாங்க. வீட்டுல இந்தப் பிள்ளைக்கும் நேரம் குறிச்சு வச்சிருக்காங்கன்னேன். வலி வர்ற நேரம்தான் நமக்கு நேரம்னாங்க.

நர்ஸ் நீட்டின தாளை ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் கையெழுத்துப் போட்டேன். அதுக்குக் கீழ, கூட வந்தவர் பேருன்னு ஒரு கோடு இருந்துச்சு. அதுலயும் ஆர்த்திகான்னு எழுதினேன்.