போர்தான் என்று சொன்ன தீர்ப்பு

கெசியா டாலிவரின் பாய்க்கப்பல் ரிச்மண்டிலிருந்து புகையிலை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கடலைத் தொடுவதற்குள் வடக்கத்திக் கடற்படை மடக்கிப் பிடித்து, அவளையும் சேர்த்துப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பிரிந்துபோன வருஷம் அது. தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட்டு அடைக்கும்படி ஜனாதிபதி உத்தரவிட்டிருந்தார். ஆனால் நாடாளுமன்றம் போர் என்று அறிவிக்கவில்லை.

அவள் வைத்த வக்கீல் ஏசா பிரிண்டன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "போர் இருந்தால்தான் முற்றுகை. போரை அறிவிக்கும் உரிமை ஜனாதிபதிக்கு இல்லை. அப்படியென்றால் இது பறிமுதல் அல்ல, பறிப்பு" என்று கணீரென்று வாதாடினார்.

நீதிபதி ஒப்பவில்லை. எதிரி படை திரட்டி வந்து நிற்கும்போது யாரும் அறிவிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, முற்றுகை போட்டதே போர் நடக்கிறது என்பதற்குச் சாட்சி என்று தீர்ப்பெழுதினார். கப்பல் போயிற்று.

"கவலைப்படாதீங்கம்மா. மேல்கோர்ட்டுல இதை உடைச்சுக் காட்டுறேன்" என்றார் பிரிண்டன்.

அன்று மாலை டார்கஸ் அவளைத் தேடி வந்தாள். டார்கஸின் புருஷன் ஈனாக் பல வருஷம் கெசியாவின் கப்பலில் சுக்கான் பிடித்தவன். தெற்கு அரசிடம் அனுமதி வாங்கி வடக்கத்தி வணிகக் கப்பல்களைப் பிடித்த ஒரு படகில் சேர்ந்து, இப்போது இதே ஊர்ச் சிறையில் கிடந்தான்.

"போர்னா அவர் கைதி, போர் இல்லைன்னா கடற்கொள்ளைக்காரராம். தூக்குல போட்டுருவாங்களாம். நீங்க மேல போய் ஜெயிச்சா, என்னாகும்க்கா?"

கெசியா ராத்திரி முழுக்கப் புரண்டாள். அந்தக் கப்பலை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. ஆனாலும் விடிந்ததும் வக்கீல் வீட்டு வாசலில் நின்றாள்.

"மேல்முறையீடு வேண்டாம் ஐயா. அந்தத் தீர்ப்பு அப்படியே நிக்கட்டும். அதைக் கையில எடுத்துக்கிட்டு ஈனாக்குக்காக நீங்க வாதாடணும்."

பிரிண்டன் சிரித்துவிட்டார். "போர் இல்லைன்னு கத்தின இதே வாயாலயா?"

"அதே வாய்தான். ஊரே கேட்ட வாய். அது மாத்திச் சொன்னா நல்லாவே காதுல விழும்."

அவருக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டார்.

விசாரணையில் அரசு வக்கீல் விடவில்லை. "போன மாசம் போரே இல்லைன்னீங்க. இப்ப எங்கேருந்து வந்தது ஐயா?"

"நான் இல்லைன்னேன், நீங்க உண்டுன்னீங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றார் பிரிண்டன். "கப்பலை எடுக்க மட்டும் போர், ஆளைத் தூக்குல போடும்போது போர் இல்லையா?"

ஜூரிகள் சிலர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, தீர்ப்பில்லாமல் கலைந்தார்கள். அரசு மறுபடி வழக்கு நடத்தாமல் ஈனாக்கைப் போர்க்கைதியாக்கிக் தெற்குடன் செய்த கைதி மாற்றத்தில் விட்டது.

அதற்குள் கெசியாவின் கப்பல் ஏலத்தில் போய்விட்டிருந்தது. விடுதலையான ஈனாக் அவளைப் பார்க்கத் தயங்கித் தயங்கி வந்தான்.

"என்னால உங்க கப்பல் போச்சேக்கா."

"கப்பல் வாங்கலாம். இவ்வளவு மோசமா சுக்கான் பிடிக்கிற ஆளு வேற எங்க கிடைப்பான்?" என்றாள் கெசியா. "உள்ள வா. டார்கஸ் மீன் வறுத்திருக்கா."