கால்வட்டத்துக்குள்

ஜாய்லினுக்குக் கொடுத்திருந்த கணக்கைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். ஒரு வளையத்தின் மேல் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு ஓர் ஆரம்ப வேகம் கொடுத்துவிட்டால், பிறகு சமன்பாடு சொல்கிறபடி நகரும். சில இடங்களில் இடைவெளி விரியும், சில இடங்களில் சுருங்கும். எங்காவது இடைவெளி அடியோடு இல்லாமல் போனால் அலை உடைந்துவிட்டது என்று பொருள். உடையாத ஓர் ஆரம்பத்தைக் கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார் ஷாஹின் பானு.

சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், தபாலில் எம்.எஸ்ஸி. படிப்பவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கணக்கைச் சரியாகச் சொல்பவரைச் சென்னைப் பயிலரங்குக்கு அனுப்புவதாகப் பேச்சு. ஓரிடம்தான். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பில் போடும் ஜாய்லினுக்கு, காலையிலிருந்து ராத்திரிவரை கணிதம் மட்டுமே பேசுகிற ஒரு வாரம் வேண்டியிருந்தது.

ஆனால் அவள் எடுத்த ஆரம்பம் ஒவ்வொன்றும் உடைந்தது. தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்தாள். எதைச் சொன்னாலும் கடைசியில் "தப்பா இருந்தாலும் இருக்கும்" என்று சேர்த்துக்கொள்வது அவள் வழக்கம். கடையில் சேலை விலை சொல்லும்போதுகூட.

சனிக்கிழமை சாயங்காலம், கூடப் படிக்கும் லிங்கேஷைத் தேடிக் கோயிலுக்குப் போனாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைத் திரும்பத் திரும்ப வலம் வந்து ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்பதில்லை என்பது லிங்கேஷின் வேண்டுதல். அதனால் அவள் ஒரு மூலையில் நின்றுகொண்டு, அவன் வரும்போதெல்லாம் பேச வேண்டியிருந்தது.

"ஏலே, உனக்கு உடையாம வந்துச்சா?"

"வந்துட்டுல்லா!" சிரித்தபடி போய்விட்டான்.

அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்தாள். "எப்படில?"

"எல்லாருக்கும் ஒரே வேகம் குடுத்துட்டேன். உடையவே மாட்டேங்கு."

அதற்கு மறுப்புச் சொல்ல அவன் இன்னொரு தடவை சுற்றி வர வேண்டியிருந்தது.

"வளையம் அப்படியே திரும்புது, அவ்வளவுதான? எந்த இடைவெளி மாறுச்சு?"

"ஏட்டி, உடையாத ஒண்ணு கேட்டாவ, குடுக்கப்போறேன். நீ நல்லாத் தேடு."

பின்னால் வந்த ஓர் அம்மாள், "பேசிக்கிட்டே நடந்தா சாமி கணக்குல வராதுய்யா, நட" என்று அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அவன் வேகம் பிடித்தான். அவனுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விழுந்தது. முன்னால் திருப்பத்தில் கூட்டம் நெரிந்தது. ஜாய்லின் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேர்த்தெருவென்றால் முன்னால் போகப் போக எல்லோருக்கும் வேகம் கூடிக்கொண்டே இருக்கலாம், நெருக்கம் வராது. வளையத்தில் முன்னால் போகிறவனே பின்னாலும் வருகிறான். ஓரிடத்தில் வேகம் ஏறினால், சுற்றி முடிவதற்குள் இன்னோரிடத்தில் இறங்கியே ஆக வேண்டும். இறங்குகிற இடத்தில் நெரியும். மனிதர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். புள்ளிகளுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆனால் நெரிவது வேறு, உடைவது வேறு. அதற்கு நிரூபணம் வேண்டும். லிங்கேஷ் மறுபடி வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கேஷ்தான் முதலில் பேசினான். ஷாஹின் பானு கேட்டுவிட்டு, "நேத்து கோயில்ல சுத்துனத அப்படியே எழுதிட்டீங்களோ?" என்றார். வகுப்பு சிரித்தது. அடுத்து ஜாய்லின் எழுந்து, கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினாள்.

"அத விட்டா வேற கெடையாது மேடம். எல்லாமே உடையும்."

"எப்படி?"

"இடைவெளிய எடுக்காம, அதோட வர்க்கமூலத்த எடுத்தேன். வளையத்தோட மொத்த நீளம் மாறாது. அதனால இந்த மூலங்களோட வர்க்கங்களக் கூட்டுனா எப்பவும் ஒரே தொகை. அப்படின்னா நாம ஒரு கோளத்து மேல நகருதோம். அதுல சமன்பாடு போற பாதை பெருவட்டம். எல்லா இடைவெளியும் சமமா இருக்க எடத்துல கெளம்புது. அந்த வட்டத்துல கால்பங்கு, கால்வட்டம் போனா மூலங்களோட கூட்டுத்தொகை பூஜ்யம். எல்லாமே பூஜ்யத்துக்கு மேல இருந்தா அது எப்படி வரும்? அதுக்குள்ள ஏதோ ஒண்ணு பூஜ்யத்தத் தொட்டிருக்கணும். அங்க உடையுது."

"உடைஞ்ச பெறகு?"

"கோளத்துல பாதை அது பாட்டுக்குப் போகுது மேடம். வளையத்துலதான் புள்ளிகள் ஒண்ணாயிட்டு."

ஷாஹின் பானு கரும்பலகையைப் பார்த்தார். "உடையாத ஒண்ணத்தான் நான் கேட்டேன். இல்லவே இல்லைங்கது நிச்சயமா?"

"சொல்லுட்டி, தப்பா இருந்தாலும் இருக்கும்னு சொல்லு" என்றான் லிங்கேஷ் பின்னாலிருந்து.

ஜாய்லின் திரும்பி, தான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி வரி வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நிச்சயம் மேடம்."

ஷாஹின் பானு செல்போனை எடுத்தார். "உங்க பேர சென்னைக்கு இப்பவே அனுப்பிருதேன். பேருக்கு முன்னால இனிஷியல் என்ன?"

"டி" என்றாள் ஜாய்லின். "அப்பா பேரு தேவசுந்தரம். டி தான்."

அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.