சுரண்டிப் பார்க்காத சக்கரம்

எனக்கு வாய் ஜாஸ்தி. பட்டறைக்கு வர்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க. கார் அலாய் சக்கரத்தைப் புதுசாக்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும். "ஏன், சக்கரத்துல பாத்துத் தலை சீவப் போறீங்களா? பெயின்ட் அடிங்க, உழைக்கும்"னு திட்டிவிடுவேன்.

பளபளப்பு சும்மா வராது. லேத் மெஷின்ல மாட்டிச் சுத்தவிட்டு, சக்கரத்தோட முன்பக்கத்தை மெல்லிசாச் சீவி எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும், சக்கரம் பலம் இழக்கும். அதனால எங்க தொழில்ல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். சீவினவன் சக்கரத்தோட பின்பக்கம் ஒரு புள்ளி குத்திடணும். ரெண்டு புள்ளி இருந்தா அதோட சரி, இனிமே பெயின்ட்தான். பின்பக்கத்தைப் பெயின்ட் மூடியிருந்தா சுரண்டிப் பாக்கணும். இருபது வருஷமா சுரண்டாம ஒரு சக்கரத்தைக்கூட நான் லேத்துல ஏத்தினதில்ல. அந்த ஒரு தடவையைத் தவிர.

தங்கச்சி புருஷன் பழைய கார் ஒண்ணு வாங்கியிருந்தார். ஒரு கம்பெனியோட விருந்தாளிகளை ஏத்தி இறக்குற வேலை. சக்கரம் நாலும் பெயின்ட் உரிஞ்சு கிடந்துச்சு.

"வெள்ளி பெயின்ட் அடிச்சுத் தர்றேன் மாப்ளை."

"பெயின்ட் அடிச்சா பழசுன்னு பாத்தவுடனே தெரிஞ்சிடும் மச்சான். பளபளன்னு வேணும். அதுவும் நாளைக்குக் காலையிலயே."

"அடேங்கப்பா! கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படி மினுக்கலையே!"

தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. "ஆசைப்பட்டுக் கேக்கறார்ல, செஞ்சுதான் குடேண்ணா."

வீட்டு வேலைன்னாலே கழுத்துல கத்திதான். நம்ம வண்டிதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு சுரண்டிப் பாக்காம நேரா லேத்துல ஏத்திட்டேன். மறுநாள் அவர் சக்கரத்துல முகம் பாத்துட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

எட்டு மாசம் ஓடுச்சு. போன வாரம் நெடுஞ்சாலையில முன்சக்கரம் உடைஞ்சு, வண்டி தடுப்புச் சுவர்ல மோதிடுச்சு. மாப்ளை அங்கேயே போயிட்டார். வண்டியில வேற யாரும் இல்ல. கம்பெனிக்காரங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க: டிரைவர் கண்மண் தெரியாம ஓட்டினார்.

இன்னிக்கு மத்தியானம் தங்கச்சி என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா. நசுங்கின வண்டி மதில் ஓரமா வெயில்ல கிடந்துச்சு. பக்கத்துலயே அந்தச் சக்கரம், ரெண்டு துண்டா.

"அவர் வேகமாப் போற ஆளா, சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து 'மாட்டுவண்டி'ன்னு எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். இன்ஸ்பெக்டர் உள்ள இருக்கார். சக்கரம் தெரிஞ்சவங்க யாராவது சொன்னா எழுதிக்கறேன்னார். நீ பாத்துச் சொல்லுண்ணா. அப்பன் திமிர் பிடிச்சுச் செத்தான்னு ஊர் பேச, அதைக் கேட்டு என் பொண்ணு வளரக் கூடாது."

குனிஞ்சு பாத்தேன். உடைஞ்ச இடம் காகிதம் மாதிரி மெல்லிசா இருந்துச்சு. சாவியை எடுத்துப் பின்பக்கத்துக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினேன். ஒரு புள்ளி தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். இன்னொண்ணு.

"இதென்னண்ணா புள்ளி?"

தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அவளுக்கு என்ன தெரியப் போகுது? உள்ள இருக்கறவருக்குத்தான் என்ன தெரியப் போகுது? பழியைச் செத்தவர் தலையில போட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிடலாம். நினைச்சேன். நினைக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அவ என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா. சொல்லிட்டேன். ரெண்டு தடவை ஏற்கனவே சீவின சக்கரம்னும், மூணாவது சீவினவன் நான்தான்னும், புள்ளிகூடக் குத்தலைன்னும்.

"அப்போ அவர் வேகமாப் போகல."

"இல்லம்மா. மெதுவாப் போயிருந்தாலும் ஒரு பள்ளம் போதும்."

முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. குனிஞ்சு அந்த ரெண்டு புள்ளியையும் விரலால தடவிப் பாத்தா.

"மத்தவங்க வண்டின்னா சுரண்டிப் பாத்திருப்பியா?"

"பாத்திருப்பேன்."

"உள்ள வா. இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு"ன்னுட்டு முன்னாடி நடந்தா. அண்ணான்னு கூப்பிடல.